கோவலென்கோ யார் வீட்டுப் பிள்ளை? ஸ்லாவியத் தொழிற்பெயர்களைப் பிரித்துப் படிக்கும் முறை

2022 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் முடிந்த செஸ் ஒலிம்பியாடில் பெண்கள் பிரிவுத் தங்கத்தை உக்ரைன் அணி வென்றது. அந்த அணியில் ஆன்னா முசிச்சுக், மரியா முசிச்சுக் என்று இரண்டு சகோதரிகள். 'முசிக்கா' என்றால் உக்ரைனிய மொழியில் இசைக்கலைஞர். அதோடு 'உக்' என்ற ஒட்டு சேர்ந்ததும் 'இசைக்காரர் வீட்டுப் பிள்ளை' என்ற பொருள் வந்துவிடுகிறது. நம்ம ஊர் நாகஸ்வரக்காரர் வீட்டுப் பிள்ளை மாதிரி. எப்போதோ அந்தக் குடும்பத்தில் ஒருவர் ஊர்த் திருமணங்களில் வாசித்திருப்பார், பெயர் அப்படியே நின்றுவிட்டது.

செஸ் செய்தி எழுதுபவர்கள், ரஷ்ய நாவலை மொழிபெயர்ப்பவர்கள், ஆழ்வார்பேட்டை ரஷ்ய கலாசார மையத்தில் மொழி படிப்பவர்கள் எல்லோரும் ரஷ்யம், உக்ரைனியம், போலிஷ், செக், செர்பியம் போன்ற ஸ்லாவிய மொழிகளின் இந்தப் பெயர்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. ஒரு பெயரை எடுத்து அதன் தொழிலைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. அவசரப்பட்டுத் தப்பாகக் கண்டுபிடிப்பது அதைவிடச் சுலபம். அதனால் வரிசை முக்கியம்: முதலில் எழுத்து, அடுத்து வால், பிறகு உடல், கடைசியில் ஆள்.

எழுத்தைச் சரிசெய்வது

தமிழில் அச்சான வடிவத்தை வைத்துக்கொண்டு வேரைத் தேடாதீர்கள். நம் எழுத்தில் 'க' ஒன்றே மூன்று ஒலிக்கு நிற்கும்; ஸ்லாவிய மொழிகளிலோ அந்த வேறுபாடுதான் நாட்டைக் காட்டிக்கொடுக்கும். குயவருக்கு ரஷ்யச் சொல்லும் உக்ரைனியச் சொல்லும் ஒரே எழுத்துக்கோவைதான். ரஷ்யர் முதல் எழுத்தைக் 'கங்கை'யின் நடு ஒலிபோலச் சொல்வார், உக்ரைனியர் 'ஹ' என்பார். முன்னவரின் பெயர் கன்ச்சரோவ்; 1859இல் 'ஒப்லோமவ்' நாவலை வெளியிட்ட இவான் கன்ச்சரோவ் இந்த வகை. பின்னவர் ஹொன்ச்சார், ஹொன்ச்சாரென்கோ, ஹொன்ச்சாருக். தமிழில் எல்லாவற்றுக்கும் 'கொ' போட்டுவிட்டால் இந்தத் தடயம் போய்விடும்.

'ச' இன்னும் மோசம். சொல்லின் நடுவே ஒற்றைச் 'ச' நம் வாயில் 'ஸ' ஆகும். 'ஞ்ச' என்று எழுதினால் 'ஜ' ஆகும். வல்லின ஒலி வேண்டுமானால் 'ச்ச' என்று இரட்டிப்பதுதான் வழி: கோவல்ச்சுக், ஷெவ்ச்சென்கோ, த்காச்சென்கோ. அதேபோல் 'என்கோ' என்ற முடிவை 'எங்கோ' என்று எழுதினால் ஒலியும் மாறும், பெயரும் எங்கோ போய்விடும். 'ன்கோ' என்றே எழுதுங்கள். ரஷ்யர்கள் 'ஓவ்' என்ற முடிவை 'ஓஃப்' என்றுதான் உச்சரிப்பார்கள். ஆனாலும் வ் போட்டு எழுதுவதே நல்லது, ஏனென்றால் பெண் வடிவம் 'ஓவா' ஆகும்போது அந்த வ் வெளியே வரும்.

ஆங்கில எழுத்தில் பெயர் வந்தால் அது எந்த நாட்டு எழுத்துமுறை என்று முதலில் பாருங்கள். போலிஷில் எஸ்ஸும் இசட்டும் சேர்ந்தால் 'ஷ', சியும் இசட்டும் சேர்ந்தால் 'ச்ச', டபிள்யூ எப்போதும் 'வ'. சி மட்டும் தனியாக நின்றால் 'த்ஸ்'. குரோஷியம், செக், போலிஷ் மூன்றிலும் தனிச் சி 'க' ஆவதே இல்லை. ஒரே உக்ரைனியப் பெயர் பிரெஞ்சு, ஜெர்மன், ஆங்கிலப் பத்திரிகைகளில் மூன்று விதமாக இருக்கும். அந்த மூன்று வடிவமும் உறவில்லாத மூன்று பேர் என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு.

வாலை வெட்டுவது

பெயரின் கடைசியில் இருப்பது உறவைச் சொல்லும், இடத்தையும் ஓரளவு சொல்லும். ரஷ்யத்தில் 'ஓவ்', 'எவ்' இரண்டும் ஆறாம் வேற்றுமை மாதிரி, 'இன்னாருடைய' என்ற பொருள். 'ஆ'வில் முடியும் சொல்லுக்கு மட்டும் 'இன்' வரும். ஸ்தாரஸ்தா என்றால் ஊர்த்தலைவர், அதிலிருந்து ஸ்தாரஸ்தின். மாஸ்கோ ஸ்பார்த்தக் கால்பந்துக் கழகத்தை உருவாக்கிய சகோதரர்களின் குடும்பப்பெயர் அதுதான். பல்கேரியாவிலும் இதே 'ஓவ்', 'எவ்' உண்டு. ஆகவே 'ஓவ்' பார்த்ததும் 'ரஷ்யர்' என்று எழுதிவிடக் கூடாது.

'என்கோ' உக்ரைனின் நடு, கிழக்குப் பகுதிகளுக்கு உரியது. 1649ஆம் ஆண்டின் ஸபரோஷியக் கொசாக் படைப் பதிவேட்டிலேயே இந்த முடிவு மிகுதியாகக் காணப்படுகிறது. 'உக்', 'ச்சுக்' என்பவை வொலீனியா, பொதீலியா போன்ற மேற்குப் பகுதிகளில் அதிகம். போலந்தில் 'ச்சிக்', 'ஆக்', 'எக்' எல்லாம் 'சின்னவர்' அல்லது 'மகன்' என்ற பொருளில் வரும். செர்பியா, குரோஷியா, போஸ்னியா என்றால் 'இச்', 'ஓவிச்', 'எவிச்'. பெலாருஸில் எழுத்தே மாறும்: அழுத்தமில்லாத 'ஓ'வை 'ஆ' என்றே எழுதுவார்கள், அதனால் கோவலென்கோ அங்கே கவலென்கா.

வால் சேரும் இடத்தில் ஒலி மாறும். புணர்ச்சி விதி படித்த நமக்கு இது புதிதில்லை. 'என்கோ', 'உக்' இரண்டுக்கும் முன்னால் 'க்', 'த்ஸ்' வந்தால் அவை 'ச்ச்' ஆகிவிடும். மெல்னிக் (மாவு ஆலைக்காரர்) மெல்னிச்சென்கோ ஆவதும், க்ராவெத்ஸ் (தையற்காரர்) க்ராவ்ச்சென்கோ, க்ராவ்ச்சுக் ஆவதும் இப்படித்தான். 1991இல் உக்ரைனின் முதல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட லியனீத் க்ராவ்ச்சுக் இந்த வழியில் வந்த பெயர் கொண்டவர். ஷ்வெத்ஸ் இன்னும் ஒரு படி போய், நடு உயிரும் இடம் மாறி ஷெவ்ச்சென்கோ ஆகிறது. ஆகவே வாலை வெட்டியதும் மிஞ்சுவது 'ச்ச்'சில் முடிந்தால், அதைக் 'க்' ஆகவும் 'த்ஸ்' ஆகவும் மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் அகராதியைத் திறக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் 'க்ராவ்ச்ச்' என்று தேடினால் எதுவும் கிடைக்காது.

கொல்லன் பட்டறையில் பழகுங்கள்

பழகுவதற்கு ஒரு தொழில் போதும். 'இரும்பை அடித்தல்' என்ற பழைய வினைவேர் 'கொவ்', 'கு' என இரு வடிவில் எல்லா ஸ்லாவிய மொழிகளிலும் பரவியிருக்கிறது. ரஷ்யக் கொல்லர் குஸ்னெத்ஸ், குடும்பப்பெயர் குஸ்னெத்ஸோவ். 1971இல் பொருளாதார நோபல் பெற்ற சைமன் குஸ்நெட்ஸின் பெயரில் வால்கூட இல்லை, தொழில் மட்டும் தனியாக நிற்கிறது. உக்ரைனில் கோவல், கோவலென்கோ, கோவல்ச்சுக், போலந்தில் கோவல்ஸ்கி, கோவல்ச்சிக், செக்கில் கோவார்ஷ், ஸ்லோவாக்கியாவில் கோவாச், செர்பியாவில் கோவாச்செவிச், பல்கேரியாவில் கோவாச்செவ். ஹங்கேரியர் ஸ்லாவியர் இல்லை. ஆனாலும் சொல்லைப் பக்கத்து வீட்டில் கடன் வாங்கி அவர்களும் கோவாச் என்று வைத்துக்கொண்டார்கள்.

இந்த வரிசையை ஒருமுறை வாய்விட்டுச் சொன்னால் வால்கள் தாமாகவே மனதில் பதியும். ஒரு எச்சரிக்கை: 'கொல்', 'கொவ்' இரண்டும் காதுக்கு ஒன்றுபோல் இருக்கிறதே என்று யாராவது தமிழ்தான் மூலம் எனக் கிளம்பினால் அந்தப் பக்கம் போகாதீர்கள். செக்கில் சக்கரம் செய்பவர் கோலார்ஷ், ஸ்லோவாக்கில் கோலார். அதற்காக அவர் தங்கவயலிலிருந்து போனவர் ஆகிவிட மாட்டார்.

கொல்லன் பெயர் மட்டும் ஏன் இத்தனை? ஊருக்கு நூறு உழவர் இருந்தால் 'உழவர் மகன்' என்பது அடையாளமே இல்லை. கொல்லன் ஒருவன்தான், அவனைச் சொன்னால் எல்லோருக்கும் தெரியும். அரிதான தொழில்தான் பெயராக ஒட்டுகிறது. போலந்தில் படிவம் நிரப்பக் காட்டும் மாதிரிப் பெயரே 'யான் கோவல்ஸ்கி', நம் வங்கிப் படிவத்து ராமசாமி மாதிரி.

மற்றவை இதே அச்சுத்தான். நெசவாளர் த்காச், உக்ரைனில் த்காச்சென்கோ, போலந்தில் த்காச்சிக், செக்கில் த்காத்லெத்ஸ். ஜிம்னாஸ்டிக்ஸில் உயரக் கம்பியை விட்டுப் பறந்து மீண்டும் பிடிக்கும் வித்தைக்கு அலெக்சாந்தர் த்காச்செவின் பெயர். மரப்பீப்பாய் செய்பவர் பொன்தார், அவரிடமிருந்து பொன்தரென்கோ, பொன்தர்ச்சுக். போலந்திலோ அவர் பெத்நாஷ். குயவருக்குத் தெற்கே வேர் வேறு: குரோஷியாவில் லொன்ச்சார். காட்டு மரப்பொந்தில் தேன் எடுப்பவர் போர்த்னிக். இந்தப் பெயரில் உக்ரைனிய கிராண்ட்மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். கம்பளியை அடித்து நமதா (நெய்யாமல் அழுத்திச் செய்யும் கம்பளித் துணி) போலாக்கித் தொப்பி செய்பவர் ஷப்பவால், டென்னிஸ் வீரர் ஷப்பவாலவ் அந்தப் பெயர்தான். பாரிஸிலும் விம்பிள்டனிலும் வென்ற பார்போரா க்ரெய்ச்சீக்கோவாவின் பெயருக்குள் உட்கார்ந்திருப்பவர் ஒரு குட்டித் தையற்காரர்.

2008இல் பான் நகரில் ஆனந்த் வீழ்த்திய க்ராம்னிக்கும் இந்தக் கூட்டம்தான். 'க்ராம்' என்றால் கடைச் சரக்கு, க்ராம்னிக் என்றால் கடைக்காரர். 2002 ஜனவரியில் மாஸ்கோவில் முடிந்த ஃபிடே உலகப் பட்டப் போட்டியின் இறுதியில் மோதியவர்கள் இவான்ச்சுக்கும் பொனமர்யோவும். (ஆனந்த் அரையிறுதியில் இவான்ச்சுக்கிடம் தோற்றிருந்தார்.) பொனமார் என்றால் தேவாலயத்தில் மணி அடித்து விளக்கேற்றும் பணியாள். இவான்ச்சுக்கில் தொழில் எதுவும் இல்லை, அவர் 'இவான் மகன்', அவ்வளவே. ஒரே வாலைப் பார்த்து அவரையும் கோவல்ச்சுக்கையும் ஒரு பெட்டியில் போடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

பாதிரியார் பெயர் கிழக்கே அதிகம், காரணம் எளிது. ஆர்த்தடாக்ஸ் சபையில் ஊர்ப் பாதிரியார் மணமானவராக இருக்கலாம். கத்தோலிக்கப் போலந்தில் முடியாது. ஆகவே ஊர்ப் பாதிரியாரைக் குறிக்கும் 'போப்' என்ற சொல்லிலிருந்து போபோவ், போபொவிச், போபென்கோ எல்லாம் கிழக்கிலும் தெற்கிலும் குவிந்தன. வானொலி முன்னோடி அலெக்சாந்தர் போபோவ் உண்மையிலேயே பாதிரியார் மகன். பெயரும் ஆளும் இப்படிப் பொருந்துவது அபூர்வம். போபொவிச் என்றதும் செர்பியர் என்று முடிவுகட்டாதீர்கள். 1962இல் விண்வெளிக்குப் போன பாவெல் போபொவிச் உக்ரைனில் பிறந்தவர்.

உடலுக்குள் 'செய்பவர்' இருக்கிறாரா?

ரஷ்யப் பெயர்களில் அதிகம் சறுக்கும் இடம் இது. ஒரு பொருளின் பெயர் உள்ளே இருந்தால் அதைச் செய்பவர் என்று எண்ணிவிடுகிறோம். அப்படியில்லை. வாலை வெட்டிய பின் மிஞ்சும் சொல்லில் 'னிக்', 'ஆர்', 'ஆச்', 'எத்ஸ்' போன்ற, ஆளைக் குறிக்கும் ஒட்டு இருக்க வேண்டும். நம் 'காரர்' மாதிரி. பூ வேறு, பூக்காரர் வேறு.

கலாச் என்பது பூட்டு வடிவில் சுடும் ஒரு கோதுமை ரொட்டி. கலாச்சோவ் என்றால் ரொட்டி என்று பட்டப்பெயர் வாங்கிய யாரோ ஒருவரின் வழி. கலாஷ்னிக்கோவ் என்றால் அந்த ரொட்டியைச் சுட்டு விற்றவரின் வழி. ஆம், துப்பாக்கிப் பெயர் பேக்கரியிலிருந்து வந்தது. பீரங்கி புஷ்கா, பீரங்கி இயக்குபவர் புஷ்கார், அவர் வழி புஷ்கரியோவ். கவிஞர் புஷ்கினோ 'புஷ்கா' என்று பட்டம் பெற்ற முன்னோரின் வழி வந்தவர். இந்த ஒட்டைப் பிடித்துக்கொண்டால் கோத்தெல்னிக்கோவ் (கொப்பரை), ஸித்னிக்கோவ் (சல்லடை), க்ரஸீல்னிக்கோவ் (சாயம்), பிளோத்னிக்கோவ் (தச்சு) எல்லாம் தானாகத் திறக்கும். ஸலவ்யோவ் என்ற பெயரில் உப்புக்கான 'சோல்' கேட்பதுபோல் இருக்கும். அது உப்பு வணிகர் அல்ல, நைட்டிங்கேல் என்ற பாடும் பறவை. உப்புக்காரர் வேண்டுமென்றால் சுமச்சென்கோவைப் பாருங்கள்: சுமாக் என்பவர் மாட்டு வண்டி கட்டி கிரிமியா வரை போய் உப்பு ஏற்றி வந்தவர். டென்னிஸ் வீராங்கனை சபலென்காவின் பெயரும் தொழிற்பெயர் இல்லை, உள்ளே இருப்பது மென்மயிர் விலங்கு ஒன்று.

பால்கனில் ஒரு துருக்கிக் கதவு

செர்பிய, போஸ்னிய, பல்கேரியப் பெயரில் 'ஜிச்', 'ஜியெவ்' என்ற ஒலி வந்தால் ஸ்லாவிய அகராதியை மூடிவிட்டுத் துருக்கி அகராதியை எடுங்கள். ஒட்டோமான் ஆட்சியில் கைத்தொழில் சொற்கள் பல துருக்கியிலிருந்து வந்தன. 'ஜி', 'சி' என்பது அந்த மொழியின் 'காரர்'. குயுன்ஜிச் பொற்கொல்லர் வழி, சமார்ஜிச் பொதிசேணம் செய்பவர் வழி, போயஜியெவ் சாயக்காரர் வழி. தெர்ஸிச்சில் 'ஜி' இல்லை. அது 'தர்ஸி' என்ற பாரசீகச் சொல் துருக்கி வழி போய்த் திரிந்த தையற்காரர்.

நமக்கு நெருக்கமானது கலாய்ஜிச். பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர். பழைய சென்னைத் தெருக்களில் 'கலாய் பூசறது' என்று கூவிப் போனவர்கள் சொன்ன கலாயும் இதே சொல்தான். அரபு, பாரசீக வழியாக ஒரு கிளை இங்கே வந்தது, ஒரு கிளை அங்கே போனது. அந்தச் 'சி' ஒட்டும் நமக்கு அந்நியமில்லை: கஜானா பார்த்தவர் கஜாஞ்சி, நீதிமன்றப் பணியிட விளம்பரங்களில் இன்றும் வரும் மசால்சி (முதற்பொருள் தீவட்டிக்காரர்).

ஒரே பெயர், இரண்டு வாசல்

ஷ்வெத்ஸ் என்றால் உக்ரைனிலும் செக்கிலும் செருப்புத் தைப்பவர். பழைய ரஷ்யத்தில் அதே சொல் பெரும்பாலும் துணி தைப்பவர். வேர் 'தை' என்பதுதான். தமிழிலும் துணியும் தைக்கிறோம், செருப்பும் தைக்கிறோம். எனவே உக்ரைனியக் கவிஞர் தராஸ் ஷெவ்ச்சென்கோவுடையது செருப்புத் தொழில் பெயர், ஷ்வெத்ஸோவ் பெரும்பாலும் தையற்காரர் பெயர். ஊர் தெரியாமல் பொருள் எழுதக் கூடாது.

போலந்தின் வூய்ச்சிக் ஊர்த்தலைவர் (வூய்ட்) மகனாகவும் இருக்கலாம், வொய்ச்செக் என்ற ஆளின் மகனாகவும் இருக்கலாம். கோவல்ஸ்கியில் உள்ள 'ஸ்கி' முதலில் ஊர்ப்பெயரோடு சேர்ந்து நிலவுடைமையாளரைக் குறித்தது. கோவாலே என்ற ஊரிலிருந்து வந்தவரும் கோவல்ஸ்கி ஆவார். செர்பிய மொழியில் தெஸ்லா என்றால் தச்சர் கையில் இருக்கும் வாய்ச்சி. விஞ்ஞானி தெஸ்லாவின் முன்னோர் தச்சரா, வாய்ச்சி போன்ற பல் என்று கேலிப்பெயர் வாங்கியவரா என்று பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இப்படிப்பட்ட இடத்தில் இரண்டு வாய்ப்பையும் எழுதிவிட்டு நகர்வதே நேர்மை.

கடைசியில் ஆள்

கணித மேதை சோஃபியா கவலெவ்ஸ்கயாவின் முன்னோரில் கொல்லனைத் தேடுவது வீண், அது கணவர் வீட்டுப் பெயர். பெண் ஒருவரைப் பற்றி எழுதும்போது பிறந்த வீட்டுப் பெயரை முதலில் விசாரியுங்கள். யூதக் குடும்பங்களில் தொழிற்பெயர்கள் ஏராளம்: க்ராவெத்ஸ், ஸ்க்லியார் (கண்ணாடிக்காரர்), ரேஸ்னிக் (சமய முறைப்படி இறைச்சி வெட்டுபவர்). ஆஸ்திரிய ஆட்சியில் 1787இலும் ரஷ்யப் பேரரசில் 1804இலும் வந்த ஆணைகளால் இவர்கள் நிலையான குடும்பப்பெயர் எடுத்தவர்கள். ரஷ்ய உழவர் பலருக்கு 1861இல் பண்ணையடிமை முறை ஒழிந்த பிறகுதான் குடும்பப்பெயர் உறுதியானது.

இங்கே தமிழ் வாசகர் மனதில் ஒரு கேள்வி எழும்: அப்படியானால் இது சாதியா? இல்லை. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குப் பின் பெயரின் பின்னொட்டை உதறிய ஊரிலிருந்து பார்ப்பதால் அப்படித் தோன்றுகிறது. கோவலென்கோ ஒரு தலைமுறையின் தொழிலைப் புகைப்படம் மாதிரி பிடித்து வைத்தது. அடுத்த தலைமுறை ஆலை நடத்தினாலும் பெயர் மாறவில்லை, இரண்டு கோவலென்கோக்களுக்குள் உறவு இருந்தாக வேண்டியதும் இல்லை, யார் யாரை மணப்பது என்பதை அந்தப் பெயர் தீர்மானிப்பதும் இல்லை. ஆகவே அடிக்குறிப்பில் 'கொல்லர் வகுப்பைச் சேர்ந்தவர்' என்று எழுதாதீர்கள். 'இரும்படிக்கும் தொழிலிலிருந்து வந்த பெயர்' என்று எழுதினால் போதும். பெயரை வைத்து நாட்டையும் சொல்ல வேண்டாம். கோவலென்கோ விளாதிவஸ்தோக்கிலும் பிறப்பார்.

பெண்பால் வடிவத்தில் பத்திரிகைகள் தினமும் தடுமாறுகின்றன. குஸ்னெத்ஸோவின் மகள் குஸ்னெத்ஸோவா, கோவல்ஸ்கியின் மனைவி கோவல்ஸ்கா, கோவார்ஷின் மகள் கோவார்ஷோவா. 'என்கோ', 'ச்சுக்', 'இச்' மூன்றும் பெண்ணுக்கும் மாறாது, 'ஷெவ்ச்சென்கோவா' என்று நீங்களாக ஒட்டக் கூடாது. செக்கில் 2022 ஜனவரி முதல் பெண்கள் 'ஓவா' இல்லாத வடிவத்தையும் விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம், எனவே அவர் பதிவு செய்திருப்பது எது என்று பார்த்து அப்படியே எழுதுங்கள். கணவன் மனைவி சேர்ந்து வரும் வாக்கியத்தில் ஆண் வடிவத்தைப் போட்டு 'குஸ்னெத்ஸோவ் தம்பதியர்' என்றால் சரி. மனைவியை மட்டும் தனியாகச் சொல்லும்போது 'திருமதி குஸ்னெத்ஸோவ்' தப்பு.